எலும்பா, பிரஷா, மயக்க ஊசியா? மட்டக்களப்பு நாயின் பல்லுக்கு எது சரி

நாயின் வாய் மணக்கத் தொடங்கினால் மட்டக்களப்பில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். இறைச்சிக்கடையில் எலும்பு வாங்கிப் போடு என்பார் ஒருவர். வேப்பங்குச்சியால் தேய் என்பார் இன்னொருவர். லீவில் வந்த வெளிநாட்டுக்காரர், பல்லுக்கென்றே விற்கும் பிஸ்கட் இருக்கிறதே என்பார். கண்டிக்குக் கொண்டுபோய் மயக்கித் துப்புரவாக்கு என்று காசுள்ளவர் சொல்வார். பக்கத்து வளவு மாமியிடம் கேட்டால் ஒரே பதில்தான்: "அது நாய்தானே மனே. நாய்ர வாய் பின்ன மல்லிகப்பூவாவா மணக்கும்?"

மாமியின் கட்சிக்குத்தான் இங்கே வாக்கு அதிகம். ஆனால் மீன் தின்ற நாயின் வாயில் அடிக்கும் வெடில் கொஞ்ச நேரத்தில் போய்விடும். நாள் முழுக்க நிற்கும் அழுகல் மணம் வேறு. பல்லைச் சுற்றிய முரசில், அதாவது ஈறில், கிருமி குடியேறிவிட்டதன் மணம் அது. 3 வயது தாண்டிய நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஏதோ ஓர் அளவில் முரசு நோய் இருக்கும் என்பதுதான் கால்நடை வைத்தியர்களின் கணக்கு. பல் ஆடினாலும் நாய் சோறு தின்னும், வாலாட்டும். ஆகவே நமக்குத் தெரிய வருவது கடைசியில்தான்.

எதைத் தேர்வது என்று பார்க்குமுன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பல்லில் படிவது இரண்டு சாமான். ஒன்று, வழுவழுப்பான மெல்லிய படலம். துடைத்தால் போகும், சில மணி நேரத்தில் மறுபடி படியத் தொடங்கும். துடைக்காமல் விட்டால் எச்சிலிலுள்ள சுண்ணாம்புச் சத்து அதில் ஏறி, இரண்டு மூன்று நாளில் இறுகிக் காறையாகிவிடும். இது இரண்டாவது. மஞ்சளாகவோ பழுப்பாகவோ பல்லோடு பல்லாக ஒட்டியிருக்கும். நாயின் எச்சில் நம்முடையதைவிடக் காரத்தன்மை கூடியது. அதனால் நாய்க்குச் சொத்தைப்பல் அபூர்வம், காறை தாராளம். படலத்துக்கு வைத்தியம் வீட்டிலேயே இருக்கிறது. காறைக்கு வீட்டில் வைத்தியம் இல்லை. கடையில் விற்கும் அரைவாசிப் பொருட்கள் இந்த இரண்டையும் குழப்பிவிட்டுத்தான் காசு பார்க்கின்றன.

சரி, உங்கள் நாய்க்கு எது இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வளர்ந்த நாய்க்கு 42 பல். எல்லாவற்றையும் பார்க்கத் தேவையில்லை, வாயைத் திறக்கவும் வேண்டாம். ஒரு கையால் மூக்குத்தண்டை மெல்லப் பிடித்துக்கொண்டு, மறு கைப் பெருவிரலால் மேலுதட்டைப் பின்பக்கமாகத் தூக்குங்கள். கண்ணுக்கு நேர் கீழே ஒரு பெரிய பல் தெரியும். இறைச்சியை வெட்டுவதற்கென்றே அமைந்த பல் அது. எச்சில் சுரப்பியின் குழாய் வாய்க்குள் திறப்பது அதன் பக்கத்தில்தான், ஆகவே காறை முதலில் பிடிப்பதும் அங்கேதான். பல் வெள்ளையாகவும், முரசு இளஞ்சிவப்பாகப் பல்லோடு படிந்தும் இருந்தால் நல்லது. முரசின் விளிம்பில் மட்டும் சிவப்புக் கோடு ஓடி, தொட்டால் இரத்தம் கசிந்தால் அது ஆரம்பம். படலத்தையும் காறையையும் அகற்றிவிட்டால் முரசு பழையபடி ஆகும். முரசு விலகி வேர் தெரிந்தாலோ, பல் ஆடினாலோ, உள்ளே எலும்பு கரைந்துவிட்டது என்று அர்த்தம். கரைந்த எலும்பு திரும்பி வளராது. சில நாய்களுக்கு முரசு பிறவியிலேயே கறுப்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இங்கே ஒரு குறுக்குப் பேச்சு அவசியம். முரசிலிருந்து இரத்தம் வந்தால் அது பல் நோயாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நம் பக்கத்து நாய்களுக்கு உண்ணி குறைவா என்ன? உண்ணிக் காய்ச்சலில் இரத்தம் உறையச் செய்யும் தட்டணுக்கள் குறையும், முரசு கசியும், மூக்காலும் இரத்தம் வரலாம். முரசு வெளிறிப்போனால் இரத்தச்சோகை: கொக்கிப்புழுவோ உண்ணியோ காரணமாக இருக்கலாம். மஞ்சளானால் ஈரல். வயலிலும் வாய்க்காலிலும் திரியும் நாய் என்றால் எலிக்காய்ச்சலையும் நினைக்க வேண்டும், அது நமக்கும் தொற்றும். இதற்கெல்லாம் பிரஷ் வாங்கிப் பிரயோசனமில்லை, டொக்டரிடம்தான் போக வேண்டும்.

அதைவிட முக்கியமானது இன்னொன்று. நன்றாக இருந்த நாய் திடீரென்று வாய்நீர் வடித்து, தாடை தொங்கி, விழுங்க முடியாமல் தவித்தால், தொண்டையில் முள் சிக்கிவிட்டது என்று வாய்க்குள் கையை விடாதீர்கள். முள்ளாகவும் இருக்கலாம், வாவிக்கரை நாயானால் தூண்டில் முள்ளாகவும் இருக்கலாம். ஆனால் விசர்நாய் நோயின் ஒரு வடிவம் அச்சு அசல் இப்படித்தான் இருக்கும், நோய் வருவது எச்சில் வழியே. கை பட்டுவிட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாயின் வாயைத் தினமும் தொடப்போகிறவர் செய்ய வேண்டிய முதல் வேலை, அதற்கு விசர்நாய்த் தடுப்பூசி போட்டு வைப்பது. சுகாதாரப் பகுதியினர் அதை இலவசமாகவே போடுகிறார்கள்.

இனி எலும்பு. எலும்புக்காரர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. பச்சை மாட்டெலும்பைக் கடித்த பீகிள் நாய்களின் பல்லில் காறை வெகுவாகக் குறைந்ததை பிரேசில் ஆய்வொன்று காட்டியிருக்கிறது. காறை மட்டும்தான் கணக்கென்றால் எலும்பு ஜெயித்துவிடும். ஆனால் முரசு நோய் நடப்பது பல்லுக்கும் முரசுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில், அங்கே எலும்பு எட்டாது. வேட்டையாடி எலும்பைக் கடித்தே வாழும் ஆபிரிக்கக் காட்டு நாய்களின் மண்டையோடுகளை ஆராய்ந்தபோது முரசு நோயின் தடயமும் இருந்தது, உடைந்த பற்களும் இருந்தன.

உடைந்த பல்தான் பெரிய செலவு. நாய்ப்பல்லின் மேற்பூச்சு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான தடிப்பு. கெட்டியான தொடை எலும்பை நாய் கடைவாயில் வைத்து நெரிக்கும்போது, நாம் மேலே பார்த்த அந்தப் பெரிய பல்லின் வெளிப்பக்கம் ஒரு சில்லாகப் பிளந்து வரும். நரம்பு வெளியே தெரியும். நாய் அன்றைக்கு ஒரு பக்கத்தால் சாப்பிடும், அவ்வளவுதான். எத்தனையோ நாள் கழித்துக் கண்ணுக்குக் கீழே வீங்கும். குளவி கொட்டிவிட்டது என்று மஞ்சள் பூசுவார்கள், கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவார்கள். வீக்கம் உடைந்து சீழ் வரும், ஆறும், மறுபடி வீங்கும். காரணம் கண்ணில் இல்லை, வேரில். அந்தப் பல்லுக்கு மூன்று வேர். அதைப் பிடுங்குவது சின்ன வேலையில்லை.

காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ இறைச்சிக்கடையில் நின்று "நானா, நாய்க்கு ஒரு எலும்பு" என்று கேட்டால், பல நேரம் தொடை எலும்பை வளையம் வளையமாக அறுத்துத் தருவார்கள். அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். நடுவிலுள்ள மச்சையை நக்க நாக்கை விடும் நாயின் கீழ்த்தாடை அந்த வளையத்துக்குள் போய்விடும். இரண்டு வேட்டைப்பல்லையும் தாண்டிப் பின்னால் இறங்கினால் பிறகு கழற்ற முடியாது. நாய் பயந்து சுற்றிச் சுற்றி ஓடும், தாடை வீங்கும். அநேகமாக மயக்கித்தான் வெட்டி எடுக்க வேண்டி வரும்.

எலும்பு கொடுத்தே தீருவேன் என்பவருக்கு என் யோசனை இது: அவிக்காதது, அறுக்காதது, நாயின் வாய்க்குள் முழுதாக அடங்காத பெரிய முட்டெலும்பு. பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒரு துண்டு மீனைக் காட்டி எலும்பை வாங்கிவிட வேண்டும், பறிக்கப் போனால் கடி விழும். நம் வெயிலில் அடுத்த நாளைக்கு என்று முற்றத்தில் கிடக்க விடக்கூடாது. கறியில் கிடந்த கோழியெலும்பு, ஆட்டெலும்பு எதுவும் கூடாது. அவிந்த எலும்பு கூராகச் சிதறும். வைத்தியர்கள் சொல்லும் அளவுகோல் ஒன்று உண்டு: பெருவிரல் நகத்தால் அழுத்தினால் தடம் விழாத எதையும் நாய்க்குக் கடிக்கக் கொடுக்காதே. அதன்படி பார்த்தால் மாட்டெலும்பு எதுவும் தேறாது. நான் அந்த அளவுகோலின் பக்கம்தான். காய்ந்த பொச்சுமட்டையை, அதாவது தேங்காய் மட்டையைக் கடித்து விளையாடும் நாய்களும் உண்டு. பல்லுக்கு அது பெரிய கேடில்லை, ஆனால் தும்பை விழுங்கினால் குடலில் அடைக்கும்.

பிரஷ் விஷயத்தில் எல்லோருக்கும் ஒரு சிரிப்பு வரும். நமக்கே நேரமில்லை, நாய்க்கா? ஆனால் படலத்தை அகற்றுவதில் இதற்கு நிகர் இன்னும் ஒன்றும் வரவில்லை. படலம் காறையாக இரண்டு மூன்று நாள் எடுக்கும் என்பதை நினைத்தால், தினமும் தீட்டுவது ஏன் என்று விளங்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் என்றாலும் பலன் உண்டு. கிழமைக்கு ஒருமுறை என்றால் அது நம் மனத்திருப்திக்கு.

இதற்கென்று கடை ஏற வேண்டியதில்லை. பாமசியில் கிடைக்கும் குழந்தைகளின் மிருதுவான பிரஷ் போதும். முதல் ஒன்றிரண்டு கிழமை பிரஷும் வேண்டாம். விரலில் பழைய பருத்தித் துணியைச் சுற்றி, உப்போ வெங்காயமோ போடாத மீன் அவித்த தண்ணீரில் நனைத்து, உதட்டுக்குள் விட்டுப் பல்லின் வெளிப்பக்கத்தைத் தடவுங்கள். இரண்டு பல், அப்புறம் விட்டுவிடுங்கள். அடுத்த நாள் நான்கு பல். நாய் தலையைத் திருப்பினால் அன்றைக்குப் பாடம் முடிந்தது. பழகிய பின் பிரஷை நனைத்து, மயிர்கள் முரசின் விளிம்பில் சரிந்து படுமாறு வைத்துச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். ஒரு பக்கத்துக்கு அரை நிமிடம் தாராளம். உள்பக்கத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். இராச்சாப்பாட்டுக்குச் சற்று முன் வைத்துக்கொண்டால் சோறே அதற்குப் பரிசு.

பற்பசை அவசியமே இல்லை, வேலை செய்வது மயிர்தான். நாய்க்கென்று விற்கும் பசை ருசிக்காக மட்டும் உதவும். நம்முடைய பற்பசை கூடவே கூடாது. நாய்க்குத் துப்பத் தெரியாது, அவ்வளவு புளோரைட்டும் நுரையும் வயிற்றுக்குத்தான் போகும். சீனிக்குப் பதிலாகச் சைலிட்டோல் சேர்த்த பசையென்றால் நாயின் இரத்தச் சீனி சட்டென்று விழும், ஈரலும் கெடலாம். உமிக்கரி பல்லைக் கீறும், கீறிய பல்லில் படலம் இன்னும் வேகமாக ஒட்டும். வேப்பங்குச்சியை நாம் மென்று நாராக்கித் தேய்க்கிறோம். நாயின் முரசில் அதே குச்சி குத்தும், முறிந்தால் பல்லிடுக்கில் சிலாகை நிற்கும்.

பிரஷுக்கு வாய் கொடுக்காத நாய்க்குக் கடையில் விற்கும் மெல்லும் பிஸ்கட்டுகள் இரண்டாம் இடம். அமெரிக்காவில் 1997இல் தொடங்கிய கால்நடை வாய்நல மன்றம், படலத்தையோ காறையையோ குறைக்கிறது என்று சோதனையில் காட்டிய பொருட்களுக்கு ஒரு முத்திரை கொடுக்கிறது. பொதியில் அந்த முத்திரை இருந்தால் வாங்கலாம். வெறும் பல் படம் போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். ஒன்றை ஒரே விழுங்காக விழுங்கும் நாய்க்கு அது பல் வைத்தியமில்லை, கொழுப்புத்தான். வடக்கு அத்திலாந்திக் கடலின் ஒரு பழுப்புப் பாசியைத் தூளாக்கி விற்பதும் அந்த முத்திரை பெற்றிருக்கிறது. கல்லடிக் கடற்கரையில் ஒதுங்கும் பாசி அதுவல்ல, அள்ளிக்கொண்டு வந்து அரைக்க வேண்டாம். தண்ணீரில் கலக்கும் மருந்து, வீட்டுக்குள் ஒரே கிண்ணத்தில் குடிக்கும் நாய்க்குச் சரிவரலாம். நம் ஊர் நாய் கிணற்றடிப் பள்ளத்திலும் குடிக்கும், மழைக்கு நின்ற குட்டையிலும் குடிக்கும். மருந்து கிண்ணத்தில் அப்படியே இருக்கும். இத்தனையும் வரப்போகும் படலத்தைக் கொஞ்சம் குறைப்பவை. ஏற்கெனவே மேடாகக் கட்டிய காறையை எதுவும் கரைக்காது.

அந்தக் காறையைக் கையாலேயே சுரண்டிவிடுவோம் என்பது அடுத்த யோசனை. நாயைக் குளிப்பாட்டி முடிவெட்டும் இடங்களில் சிலர் செய்து தருவார்கள், இணையத்தில் சுரண்டும் கருவியும் கிடைக்கிறது. செய்து முடித்ததும் பல் பளிச்சென்றுதான் இருக்கும், ஆபத்தே அதுதான். முரசுக்கு மேலே தெரிந்ததை எடுத்திருப்பார்கள், நோய் முரசுக்குக் கீழே அப்படியே இருக்கும், வீட்டுக்காரர் நிம்மதியாகிவிடுவார். மயக்காத நாய் ஒருமுறை தலையை உதறினால் கூரான கருவி முரசைக் கிழிக்கும். மெருகேற்றாமல் விட்ட கீறலில் காறை திரும்ப வரும். நான் இதைத் தேர்வுகளில் ஒன்றாகவே எடுப்பதில்லை.

மிஞ்சுவது மயக்கிச் செய்யும் துப்புரவு. காறை கட்டிய நாய்க்கு உண்மையில் இது ஒன்றுதான் வழி. இதில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் ஏன் மயக்க வேண்டும் என்பதும் விளங்கும். தண்ணீர் பீச்சியபடி அதிரும் கருவியால் முரசுக்கு மேலும் கீழும் காறையை உடைப்பார்கள். அந்தத் தண்ணீரும் கிருமியும் நுரையீரலுக்குள் போகாமல் மூச்சுக்குழாயில் ஒரு குழாய் வைத்து அடைத்திருப்பார்கள். ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் முரசின் ஆழத்தை அளப்பார்கள், ஆடும் பல்லைப் பிடுங்குவார்கள், கடைசியில் மெருகேற்றுவார்கள். எக்ஸ்ரே வசதி இருந்தால் வேரின் நிலையும் தெரியும்.

மயக்க மருந்துக்குப் பயப்படுவது நியாயமே. ஆனால் வயது மட்டும் தடையில்லை, இதயமும் சிறுநீரகமும் ஈரலும் எப்படி இருக்கின்றன என்பதுதான் கேள்வி. அதற்காகத்தான் முன்கூட்டியே இரத்தம் சோதிப்பது. நம் பக்கத்து நாய்க்குத் தட்டணுக் கணக்கையும் கட்டாயம் பார்க்கச் சொல்ல வேண்டும். உண்ணிக் காய்ச்சல் உள்ளே இருக்கும் நாய்க்குப் பல் பிடுங்கினால் இரத்தம் நிற்காது.

எங்கே செய்வது? உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். மாடும் ஆடும் கோழியும்தான் அவர்களின் பெரும்பாலான வேலை என்றாலும், பக்கத்தில் யார் செய்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். தனியார் கிளினிக்கில் கேட்கும்போது, விலைக்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: மூச்சுக்குழாயில் குழாய் வைப்பீர்களா, முரசுக்குக் கீழும் எடுப்பீர்களா, பல் பிடுங்க வேண்டி வந்தால் அதே நாளில் செய்வீர்களா. மூன்றில் ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தால் குறைந்த விலை இலாபமில்லை. சிக்கலான நாய் என்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடைப் போதனா வைத்தியசாலை இருக்கிறது. செங்கலடியில் திரும்பி மகாஓயா, மகியங்கனை தாண்டி 18 வளைவு ஏறிப் போக வேண்டும். பழக்கமில்லாத நாய் அந்த வளைவுகளில் வாந்தி எடுக்காமல் ஏறாது. முதல் நாளே போய்த் தங்குவது நல்லது. மயக்கத்துக்கு முந்திய இரவு சாப்பாடு இல்லை; முதல் நாளே போய்விட்டால் வெறும் வயிற்றோடு விடியப்புறம் கிளம்பும் பாடும் இல்லை.

செலவைப் பார்த்தால் இதுதான் பெரியது. ஆனாலும் வருடக்கணக்கில் வாங்கும் பிஸ்கட் காசைக் கூட்டிப் பாருங்கள். காறை உள்ள நாய்க்கு பிஸ்கட் வாங்குவதைவிட, அந்தக் காசைச் சேர்த்து ஒருமுறை ஒழுங்காகத் துப்புரவாக்கிவிட்டு, புண் ஆறியதும் துணியோ பிரஷோ எடுப்பது மலிவு. துப்புரவாக்கிய அன்றே படலம் மறுபடி படியத் தொடங்கிவிடும். வீட்டில் தீட்டாதவர் அந்தப் பெரிய செலவைச் சீக்கிரமே திரும்பச் செய்வார்.

நாய்க்கு நாய் முடிவு மாறும். கல்லடியிலோ கல்முனையிலோ வீட்டுக்குள் வளரும் பொமரேனியனுக்குச் சின்னத் தாடைக்குள் பற்கள் நெருக்கம், முரசு நோய் சீக்கிரம் வரும். அதற்குத் தினப் பிரஷும், டொக்டர் சொல்லும் காலத்தில் மயக்கித் துப்புரவும் இரண்டுமே வேண்டும், தப்ப வழியில்லை. முற்றத்தில் கிடக்கும் சாதாரண ஊர் நாய்க்குத் தாடை நீளம், பல் இடைவெளியோடு இருக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் துணி போதுமானதாக இருக்கலாம், மாதம் ஒருமுறை உதட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மாட்டுப்பட்டியையும் வயலையும் காக்கும் நாயின் வாய்க்குள் தினமும் விரல் விடச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. அந்த நாய்க்கு உடைந்த பல்தான் முதல் எதிரி. அறுத்த எலும்பைப் போடாமல் இருப்பதும், கண்ணுக்குக் கீழ் வீங்கினால் பல்லைச் சந்தேகிப்பதும் பாதி வைத்தியம். சிறுநீரகம் கெட்டு மயக்கவே முடியாது என்று டொக்டர் சொன்ன கிழட்டு நாய்க்கு, அவர் தரும் வலி மருந்தும் குழைத்த சோறும்தான். அதற்குப் போய்ப் பல் தீட்டி வதைக்க வேண்டாம்.

குட்டி வைத்திருப்பவருக்கு ஒரு வசதி உண்டு. 28 பாற்பல்லும் விழுந்து ஆறு, ஏழு மாதத்தில் நிலையான பற்கள் வந்துவிட வேண்டும். சின்ன இனங்களில் பால் வேட்டைப்பல் விழாமல், புதிய பல்லோடு ஒட்டிக்கொண்டு நிற்பது அடிக்கடி நடக்கும். இடுக்கில் சோறு அடைந்து முரசு அங்கேயே கெடத் தொடங்கும். கருத்தடைக்கு நாள் குறிக்கும்போதே உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு டொக்டரிடம் சொல்லிவையுங்கள், அதே மயக்கத்தில் அந்தப் பல்லையும் எடுத்துவிடலாம்.